திரையில் மாறிய கை

தொற்றுக்காலத்தில் தொழிலாளர் இழப்பீட்டு நீதிமன்றம் வழக்குகளை வீடியோவில் விசாரித்தது. என் தம்பி இருபத்திரண்டு வருடம் அச்சுக் கோர்த்தவன். பிறகு காகிதம் வெட்டும் இயந்திரத்துக்கு மாறி, வலது கையில் மூன்று விரல்களை இழந்தான். காலை 11.10க்கு அவனை அழைத்தார்கள். அவன் மனைவி போனைப் பிடிக்க, அவன் கையை உயர்த்திக் காட்டினான்.

“சான்றிதழ்ல வலது கைன்னு இருக்கு. இங்க தெரியறது இடது கை” என்றார் முதலாளியின் வக்கீல். அந்த ஒரு சொல்லில் வழக்கே கவிழ்ந்துவிடும் போலிருந்தது.

தம்பி அசரவில்லை. சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி போனுக்கு நேரே நீட்டினான்.

“இதைக் கொஞ்சம் படிங்கம்மா” என்றான் நீதிபதியிடம்.

நீதிபதி கண்ணைச் சுருக்கினார். “எழுத்தெல்லாம் திரும்பியிருக்கே!”

“அப்போ என் கையும் திரும்பித்தான் தெரியுது. கண்ணாடியில தெரியற மாதிரி திரும்பியிருக்கிற ஈய எழுத்தையே கோத்தவன்மா நான். இதுலயா ஏமாறுவேன்?”

“ஏங்க, கோர்ட்டுங்க இது! வாயை அடக்குங்க” என்று மனைவி அவனைக் கிள்ளியதில் போன் ஆடியது.

நீதிபதி சிரித்துவிட்டார். 11.25க்கு ‘வலது கை’ என்று பதிவானது. மறுவாரமே அங்கே புது விதி வந்தது: வீடியோவில் காயத்தைக் காட்டுபவர், முதலில் எழுத்துள்ள தாள் ஒன்றைக் காட்ட வேண்டும்.