யானைக்குத் தண்ணீர் பிடித்து வைத்தவன்

அந்தக் காட்டு விடுதியின் பின்கதவைத் திறந்தவன் நான். குழாயைத் திறந்தவனும் நான். என் சகலை இல்லை. இந்த மூன்று வாக்கியங்களைச் சொல்ல எனக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை; சகலைக்கு நான் கொடுத்த வாக்கை அந்த அளவுக்காவது காப்பாற்றுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்து, ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். சகலை, அதாவது என் மனைவியின் அக்கா கணவர், முடிச்சூர்க்காரர். அப்பா காலத்து வயலை மனை மனையாக விற்று, மிச்சத்தில் செங்கல், ஜல்லி வியாபாரம் பார்த்தவர். வாயைத் திறந்தால் கதை. திருநீர்மலையில் மதம் பிடித்த யானையைத் தும்பிக்கையைப் பிடித்து நிறுத்தியது தான்தான் என்பார். எந்த வருஷம் என்று கேட்டால், "அத்தெல்லாம் ஞாபகம் வச்சிக்கினா இருக்க முடியும்?" என்பார். அவர் சொல்வதை யாரும் நம்புவதில்லை. நான் சொல்வதை எல்லோரும் நம்புவார்கள். வாத்தியார் பொய் சொல்லமாட்டார் என்பது குடும்பத்தின் எண்ணம்.

எங்கள் மாமனார் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் என்றால் உக்கிராண அறைச் சாவி மூத்த மாப்பிள்ளையின் இடுப்பில்தான் தொங்கும். அரிசி, நெய், முந்திரி, வெற்றிலைபாக்குப் பை எல்லாம் அந்த அறைக்குள். சாவி யாரிடமோ அவர்தான் மண்டபத்துக்கே ராஜா. என் கல்யாணத்தில் அது சகலையிடம் இருந்தது. என் நண்பர்கள் இரண்டாவது காபி கேட்டபோது சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே, "அப்பால பாக்கலாம் வாத்தியாரே" என்றார். அதை நான் மறக்கவில்லை. கடைசி மச்சினியின் கல்யாணம் வரும் தை மாதம் என்று முடிவாகியிருந்தது. சாவி மறுபடியும் அவருக்குத்தான்.

அந்தக் கோடையில் மாமனாருக்குத் தெரிந்த ஒருவர் மூலம், முதுமலைத் தேசியப் பூங்காவுக்குள் ஒரு விடுதியில் ஓர் இரவு தங்க அனுமதி கிடைத்தது. பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு இரண்டு ஜோடிகளும் மாமனாரும் கிளம்பினோம். மேட்டுப்பாளையம் வரை ரயில், ஊட்டி வரை பஸ், மறுபக்கம் இறங்க இன்னொரு பஸ், கடைசியில் ஒரு ஜீப். வழியெல்லாம் சகலை ஜீப் டிரைவருக்கு யானையைப் பற்றிப் பாடம் எடுத்தார். அந்த மனிதர் பிறந்து வளர்ந்ததே யானைகளுக்கு நடுவில். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

விடுதி, ஓடு வேய்ந்த பழைய கட்டடம். இரண்டு அறை, நடுவில் ஒரு கூடம். மின்சாரம் கிடையாது, அரிக்கேன் விளக்குதான். கூடத்தை ஒட்டிய குளியலறைக்கு வெளிப்பக்கமாக ஒரு பின்கதவு. அதைத் திறந்தால் சிமெண்டுப் படி, படியின் ஓரத்தில் ஒரு குழாய், அதற்கப்பால் காடு. காவலும் சமையலும் ஒரே ஆள். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர்.

சாயங்காலம் அவர் வால்வைத் திறந்ததும் குழாயில் தண்ணீர் கொட்டியது பாருங்கள்! மேலேயிருந்து ஓடை நீர், பனிக்கட்டி மாதிரி, கைத் தடிமனுக்கு. எங்கள் தெருவில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை, விடிவதற்கு முன்னால், நூல் மாதிரி வரும். லாரி வந்தால் குடத்தோடு ஓட வேண்டும். ஆற்றங்கரையில் மான் கூட்டம் நிற்கிறது என்று காவல்காரர் கையைக் காட்டினார். ஒருவரும் திரும்பவில்லை. ஐந்து பேரும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எவ்ளோ நேரம்ங்க வரும்?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஒரு மணி நேரம்ங்க. மறுபடி காலைல, என் சமையலுக்குக் கொஞ்சம் விடுவேன்."

"அப்ப எல்லாத்தையும் ரொப்பிடலாம் அக்கா" என்று அவள் தன் அக்காவைக் கூப்பிட்டாள். குளியலறைத் தொட்டி, பக்கெட், சொம்பு, கொண்டுபோன தண்ணீர் பாட்டில், மாமனாரின் பிளாஸ்க் எல்லாம் நிறைந்தன. ஒரு ராத்திரி தங்கப் போகிறவர்களுக்கு ஒரு வாரத்துக்கான தண்ணீர். காவல்காரர் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"வெளிய மட்டும் தண்ணி வைக்காதீங்க. காடு காஞ்சு கெடக்கு. மோப்பம் புடிச்சுப் பெரியவரு வந்துருவாரு. பின்கதவுத் தாப்பாளும் பத்திரம்."

"யாருங்க, பெரிய ஆபீசரா? காபி ஏதாச்சும் போட்டு வைக்கணுமா?" என்றாள் அக்கா.

"யானைங்க" என்றார் அவர். காட்டுக்குள் இருந்துகொண்டு அதன் பேரைச் சொல்லமாட்டார்களாம்.

"யானை இன்னா பண்ணும்? நா கீறேன், நீ போயி சோறு ஆக்குப்பா" என்றார் சகலை.

மாமனார் எங்கள் எல்லோரையும் பொதுவாகப் பார்த்து, "சொன்னது கேட்டுச்சில்ல? பின்னாடி யாரும் போகக்கூடாது" என்றார். முதலில் தலையாட்டியது நான்.

ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை. சகலையின் குறட்டையைக் கேட்டு எந்த மிருகமும் அருகில் வந்திருக்காது.

நடந்தது விடியலில். பல வருஷமாக நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்த உடம்பு என்னுடையது. அலாரம் வேண்டாம். தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் காற்று சீறும் அல்லவா, அந்தச் சத்தம் கேட்டால் போதும், கண் திறக்கும்போதே கையில் குடம் இருக்கும். அன்றைக்கும் அந்தச் சீறல் கேட்டது. நான் எங்கே இருக்கிறேன் என்றுகூட யோசிக்கவில்லை. எழுந்தேன். ராத்திரிப் புழக்கத்தில் காலியாகிக் கூடத்தில் கிடந்த இரண்டு இரும்பு பக்கெட்டுகளையும், சமையலுக்கு என்று வைத்திருந்த ஓர் அலுமினிய அண்டாவையும் எடுத்தேன். பின்கதவைத் திறந்தேன்.

பாதி தூக்கத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கதவைத் திறந்ததும் காட்டின் குளிர் முகத்தில் அறைந்தது, முழுசாக விழித்துவிட்டேன். காவல்காரர் சொன்னது நினைவுக்கும் வந்தது. ஆனால் அதற்குள் குழாயைத் திறந்துவிட்டிருந்தேன், தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கொட்டுகிற தண்ணீரை விட்டுவிட்டுத் திரும்ப என்னால் முடியவில்லை. பக்கெட்டின் கைப்பிடிக் கம்பி கையை அறுத்ததால், கொடியில் கிடந்த ஒரு துண்டை உருவி அதில் சுற்றிக்கொண்டேன். மூன்றையும் நிரப்பிப் படியில் வரிசையாக வைத்தேன், எங்கள் தெருவில் வைப்பதுபோல. ஒன்றின் மேல் ஒரு தட்டைக்கூட வைத்து மூடினேன், தூசி விழாமல் இருக்க. பிறகு கதவை ஒருக்களித்துவிட்டு வந்து படுத்தேன். நல்ல தூக்கம். தண்ணீர் பிடித்து வைத்தவனின் தூக்கம்.

ஆறு மணி இருக்கும். குளியலறையிலிருந்து ஒரு குரல். மாமனாருடையது என்று உடனே தெரியவில்லை, அவ்வளவு மெலிதாக இருந்தது.

"யாராச்சும்... வாங்களேன்..."

சகலையும் நானும் ஓடினோம். மாமனார் தொட்டியின் விளிம்பில் ஏறி, சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டிருந்தார். வாயைச் சுற்றிப் பல்பொடி நுரை. பின்கதவு வழியாகத் தும்பிக்கை ஒன்று உள்ளே வந்து, அவர் காலடியில் தொட்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. உறிஞ்சும், வெளியே போகும், மறுபடி வரும். அவசரமே இல்லை. நடுவில் ஒரு தடவை மாமனாரின் கணுக்காலை மோந்து பார்த்தது. சோப்பை எடுத்தது, பிடிக்கவில்லை போலும், கீழே போட்டது.

"ஏதாவது பண்ணுங்க மாப்ளே!" என்றார் மாமனார், கண்ணை மூடிக்கொண்டு.

திருநீர்மலை வீரர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். நான் கூடத்துக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

காவல்காரர் வந்து வெளியிலிருந்து ஒரு தகரத்தைத் தட்டினார். மரியாதையாகத்தான் பேசினார்: "போதும் சாமி. குடிச்சாச்சுல்ல? கெளம்புங்க." பெரியவர் கிளம்பினார். போகிற போக்கில் ஒரு பக்கெட்டை மிதித்துத் தட்டாக்கினார். அண்டா புதரில் கிடந்தது.

கூடத்தில் விசாரணை. மாமனாருக்கு வேட்டி மாற்றி, சூடாகக் காபி கொடுத்த பிறகு ஆரம்பமானது.

"தண்ணியப் பிடிச்சு வெளிய வச்சது யாரு?"

காவல்காரர் நசுங்கிய பக்கெட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். அதன் கைப்பிடியில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு சுற்றியிருந்தது. அது சகலையின் துண்டு. நான் இருட்டில் உருவியது எது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

எல்லோரும் சகலையைப் பார்த்தார்கள்.

"ஐயோ மாமா, நா இல்ல. சத்தியமா நா இல்ல. படுத்தவன் உங்க கொரலு கேட்டுத்தான் ஏந்தேன்!"

"உங்க சத்தியத்தை நான் நிறையப் பார்த்திருக்கேன் மாப்ளே. யானை வந்தா நான் பாத்துக்கறேன்னு நேத்து யாரு சொன்னது?"

"அது சும்மா பேச்சுக்கு..."

"உங்களுக்கு எல்லாமே பேச்சுக்குத்தான்." மாமனார் என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாவது பார்த்தீங்களா மாப்ளே?"

அந்த நேரத்தில் எனக்குப் பயம் வரவில்லை. அப்படி வந்திருந்தால் இன்றைக்கு இவ்வளவு உறுத்தாது. எனக்கு நினைவு வந்தது சாவி.

"நான் தூங்கிட்டிருந்தேன் மாமா" என்றேன்.

என் மனைவி, ஈரத்தில் சுருண்டிருந்த என் வேட்டிக் கரையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். திரும்பி வரும் ரயிலில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சாவி நம்மகிட்ட வந்ததும் முந்திரிக் கணக்கை நான் பாத்துக்கறேன்" என்றாள். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

தை மாதம் சாவி என் இடுப்பில் தொங்கியது. ஒரு மாப்பிள்ளையால் மாமனார் தொட்டி மேல் ஏறி நிற்க நேர்ந்தபின், அவரிடம் எப்படி உக்கிராணத்தைக் கொடுப்பது? சகலை மண்டபத்தின் கடைசி வரிசையில், யாரோ ஒருவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சமையல்காரர்கள்கூட, "யானைக்குத் தண்ணி காட்டினவரு இவருதானா?" என்று கேட்டார்கள். மத்தியானம் அவர் உக்கிராண வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"சகல, ரெண்டு தாம்பூலப் பை எட்துக்கலாமா? தெருக்காரங்க கௌம்பறாங்கோ."

என்னிடம் அனுமதி கேட்டார். நான் எண்ணி இரண்டு எடுத்துக் கொடுத்தேன். அதில் ஒன்றில் தேங்காய் இல்லை என்று பிறகு தெரிந்தது. இரண்டு விஷயமும் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

ஐந்தாறு வருஷம் கழித்து அவர் முடிச்சூரில் புது வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்குப் போகும்போதே, இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். போய்ச் சேர்ந்தால், புதுக் கூடத்தில் இருபது பேர் சூழ, சகலை கதை சொல்லிக்கொண்டிருந்தார். தாகத்தில் தவித்த காட்டு யானைக்கு, உயிரைப் பற்றிக் கவலைப்படாமல், விடிகாலையில் பின்கதவைத் திறந்து மூன்று பாத்திரம் தண்ணீர் வைத்த கதை. குடித்து முடித்ததும் தும்பிக்கையைத் தூக்கி அவருக்குக் கும்பிடு போட்டதாம். சுற்றி இருந்தவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கொல்லைப்பக்கம், புது போர் பம்ப் அருகே அவரைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், சாவி உட்பட. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அடிக்கவில்லை.

"இப்ப வந்து சொல்ற?"

"மன்னிச்சிருங்கண்ணா. உள்ள வாங்க, எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"ஏய், ஏய்! இரு!" என்று என் கையைப் பிடித்தார். "நா இல்ல, நா இல்லன்னு ரெண்டு வருசம் கத்திக்கினு இருந்தேன். ஒருத்தன் நம்பல. சரி போ, நான்தான்னு சொன்னேன். ஊரே நம்பிச்சு. என் ஆயுசுல நா சொல்லி நாலு பேரு நம்புன கதை இது ஒண்ணுதான். இப்ப நீ போயி நீதான்னு சொன்னா உன்னத்தான நம்புவானுங்கோ? சாவிய எட்துக்கினே. யானையையாச்சும் உடு, சகல."

நான் வாக்குக் கொடுத்தேன். யானை அவருடையது.

திரும்பி உள்ளே போனதும், கொடுத்த வாக்கைச் சோதித்துப் பார்க்க நினைத்தாரோ என்னவோ, கூட்டத்தின் நடுவில் என்னை நிறுத்தினார். "தோ, வாத்தியாரே வந்துட்டாரு. பொய் பேசமாட்டாரு. நீயே சொல்லு சகல, தும்பிக்கையத் தூக்கிச்சா இல்லியா?"

"தூக்கிச்சு. இவர் தண்ணி வச்சதையும் பார்த்தேன், அது கும்பிட்டதையும் பார்த்தேன்" என்றேன்.

கூட்டம் கை தட்டியது. மூலையில் நாற்காலியில் இருந்த மாமனார் மட்டும் தட்டவில்லை. எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார், காது மந்தம், ஞாபகம் மந்தமில்லை.

"அன்னிக்கு நீங்க தூங்கிட்டிருந்ததா இல்ல சொன்னீங்க மாப்ளே?"

நான் அவர் காலைப் பார்த்தேன். யானை மோந்த கால். சகலை கூரையைப் பார்த்தார். மாமனார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சாப்பாடு போட்டாச்சான்னு பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஆவணியில் என் மைத்துனன் கல்யாணம். மாமனார் சாவியைக் கொண்டுபோய் மூத்த மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார். காரணம் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் என் கல்லூரிக்காரர்கள் கிளம்பியபோது எழுந்து உக்கிராண வாசலுக்குப் போய் நின்றேன்.

"அண்ணா, ரெண்டு தாம்பூலப் பை எடுத்துக்கலாமா?"

சகலை சாவியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார். உள்ளே போய் இரண்டு பைகளை எடுத்தார். என் எதிரிலேயே ஒவ்வொன்றையும் பிரித்து, தேங்காய் இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்த பிறகு கொடுத்தார்.