மூத்தாரின் சட்டைப் பை

என் சித்தி, அம்மாவின் தங்கை, வனத்துறைச் சோதனைச் சாவடியில் வேலை பார்க்கிறாள். கோடைக்கு மட்டுமான வேலை. வெயில் ஏறி, சருகு காலடியில் நொறுங்கத் தொடங்கியதும், தீப்பெட்டி, லைட்டர், பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் காட்டுக்குள் போகக் கூடாது என்று பலகை மாட்டிவிடுவார்கள். பலகையை யாரும் படிப்பதில்லை. அதனால்தான் சித்தி.

தகரக் கூரை போட்ட சின்ன அறை, வாசலில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் வாளி. உள்ளே போகிறவர்கள் பையைத் திறந்து காட்ட வேண்டும்; பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும். சிக்கும் தீப்பெட்டி வாளிக்குள் விழும். திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். சித்தி யாரையும் தொட மாட்டாள். "காட்டுங்க" என்பாள், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு முரட்டு லாரி டிரைவர்களே பம்முவார்கள். ஊர் அவளுக்கு 'வத்திக்குச்சி' என்று பேர் வைத்திருந்தது.

நான் பட்டம் வாங்கிய வருஷம் நண்பர்களோடு பைக்கில் போனேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அந்த மிதப்பு உடம்பெல்லாம் இருந்தது.

"சித்தி, நான்தான்."

"கண்ணு தெரியுது. காட்டு."

நண்பனின் பையிலிருந்து ஒரு லைட்டர் வந்தது. சித்தி அதை இரண்டு விரலால் தூக்கி வாளியில் போட்டாள். "பட்டம் வாங்கினவங்க பத்த வச்சா மட்டும் காடு எரியாதா?" தடுப்புக் கம்பத்தைத் தூக்கி இறக்கும் கம்பக்காரர் சிரித்த சிரிப்பில் கம்பமே ஆடியது. அன்று எனக்கு முகம் செத்துப்போனது. ஆனால் பிறகு அந்தக் கதையைப் பெருமையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒருவரை மட்டும் சோதித்ததில்லை. அவளுடைய மூத்தார், அதாவது சித்தப்பாவின் அண்ணன். காட்டுக்குள் ஓடைக்கரையில் இருக்கும் குடிநீர் பம்ப் அவர் பொறுப்பு. காலையில் மொபட்டில் வருவார். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். சித்திக்கு இந்த வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சித்தி அவர் முன்னால் உட்கார்ந்ததில்லை. நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பிடும்போது 'இன்னும் கொஞ்சம் வைக்கவா' என்பதைக்கூடச் சித்தப்பா வழியாகத்தான் கேட்பாள். அவரிடம் எந்த வாயால் 'பாக்கெட்டக் காட்டுங்க' என்பாள்? மொபட் சத்தம் கேட்டதும் எழுந்து நிற்பாள். கம்பம் உயரும். அவர் போய்விடுவார். வரிசையில் நின்றவர்களுக்கும் அது தப்பாகப் படவில்லை. மரியாதை தெரிந்த மருமகள் என்றார்கள்.

இந்தக் கோடையில் பம்ப் அறைக்கு மேலே இருந்த சரிவு பற்றிக்கொண்டது. தீ தாண்டிப் போகாமல் இருக்கச் சருகை அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டும் ஆட்கள் ஒரு ராத்திரி முழுக்கப் போராடி அணைத்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணுக்கு இரண்டு பாதமும் வெந்துவிட்டது. மறுநாள் காலையில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஜீப் சாவடியில் நின்றது. வனத்துறை அதிகாரி இறங்கி வந்தார். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த நானும் அங்கே இருந்தேன்.

"உள்ள போனவங்க எல்லாரையும் பாத்தியாம்மா?"

சித்திக்கு முன்னால் கம்பக்காரர் முந்திக்கொண்டார். "வத்திக்குச்சி விடுமா சார்? கொசு போனாலும் றெக்கையத் தூக்கிப் பாத்துட்டுத்தான் விடும்."

அதிகாரி சரி என்று திரும்பினார். அதோடு முடிந்திருக்கும்.

"ஒருத்தரப் பாக்கல சார்" என்றாள் சித்தி.

"யாரு?"

"எங்க வீட்டுப் பெரியவரு. பம்ப்புக்குப் போறவரு."

"நேத்து மட்டும் விட்டுட்டியா?"

"என்னைக்குமே பாத்ததில்ல சார்."

"அவருகிட்ட தீப்பெட்டி இருந்துச்சா?"

"பாத்திருந்தாத்தான சார் தெரியும்?"

ஜீப்புக்குள் காலில் ஈரத்துணி சுற்றி உட்கார்ந்திருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "என் சோத்துப் பாத்திரத்தக்கூடக் கிளறிப் பாத்தியேடி! நான் காட்டின நேரத்துல அவரும் காட்டியிருந்தா என்ன, தேஞ்சா போயிருப்பாரு?"



மூத்தாரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பீடியை விட்டு ரொம்ப நாளாச்சு என்றார். யார் பார்த்தது? காரணம் தெரியவில்லை என்று விசாரணை முடிந்தது. சித்தியை, சொல்லி அனுப்பும்வரை வர வேண்டாம் என்றார்கள்.

வீட்டில் சித்தப்பா குதித்தார். "அந்த ஆபீசருதான் சரின்னு கிளம்பிட்டாரே! வாய மூடிக்கிட்டு இருக்க வேண்டியதுதான? எங்கண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"அவரு தீ வச்சாருன்னா சொன்னேன்? நான் பாக்கலன்னுதான சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்டி ஊருக்கு!"

வெந்த பாதத்துக்காரி வீட்டுக்குப் போகலாம், துணைக்கு வா என்று சித்தி என்னைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் கட்டிலில் கால் நீட்டியிருந்தாள். "உள்ள வா. இங்க காட்டறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். சித்தி உள்ளே போய்க் கழுவாமல் கிடந்த பாத்திரங்களைக் கழுவிவைத்துவிட்டு வந்தாள்.

தடை இன்னும் நீங்கவில்லை. அந்த வாசலில் நிற்க வேறு ஆளும் கிடைக்கவில்லை. சித்தியை மறுபடி கூப்பிட்டார்கள். முதல் நாள் நான்தான் கொண்டுபோய் விட்டேன். 'காட்டுங்க' என்று அவரிடம் சொல்ல முடியாவிட்டால் இனி யாரிடமும் அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கு வாய் இல்லை. அது அவளுக்கும் தெரியும், வரிசைக்கும் தெரியும்.

மொபட் வந்தது. சித்தி எழுந்து நின்றாள். கம்பக்காரர் பழக்கத்தில் கயிற்றைப் பிடித்தார். சித்தி வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு மொபட்டின் முன்சக்கரத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"காட்டுங்க மாமா."

அவரிடம் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் மொபட்டை அணைத்தார். காது மடல் சிவந்தது. அப்புறம் சட்டைப் பைக்குள் கைவிட்டு, ஒரு தீப்பெட்டியை எடுத்து வாளிக்குள் போட்டார்.

விஷயம் பிடிபட்டதும் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். வரிசையில் நின்ற, எப்போதும் வாய் ஓயாத ஒரு லாரி டிரைவர்கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பம் மெதுவாக உயர்ந்தது. மொபட் போன பிறகு சித்தி நாற்காலியில் உட்கார்ந்து, திருடிப் பிடிபட்டவளைப் போல முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"நீ ஏன் சித்தி அழற?" என்றேன்.

"எத்தன வருஷம்டா எந்திரிச்சு நின்னேன்" என்றாள்.

அடுத்த ஆள் பையைத் திறந்துகொண்டு நின்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

இப்போது தினமும் இது நடக்கிறது. மூத்தார் மொபட்டை நிறுத்தி, கேட்கும் முன்பே சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டுகிறார். சித்தி நின்றுகொண்டே அந்தத் துணியை மட்டும் பார்க்கிறாள்.