சாரா உம்மா கேட்ட சீலிங்

1961ஆம் ஆண்டு. ஹட்டனில் துணிக்கடை வைத்திருந்த மஃறூப் முதலாளியின் புது வீட்டுக்குச் சீலிங் போட வந்தவர் வட்டவளை லியனார்ட் பாஸ்; மேஸ்திரியை அந்தப் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். தேயிலைத் தோட்ட லயத்துத் தகரக் கூரையின் கீழ் பிறந்தவர். அண்ணாந்து பார்த்தே பிழைத்தவர்.

பலகையைத் தெரிவு செய்தது முதலாளியின் மனைவி சாரா உம்மா. இடுப்புக்குக் கீழே உணர்வு போய் இரண்டு வருடமாகப் பழைய வீட்டில் படுக்கையில் இருந்தார். லியனார்ட் மாதிரிப் பலகைகளைக் கட்டிலருகே கொண்டுபோய்க் காட்டினார்.

"மரப்பலகை வேணாம் பாஸ். இப்ப என் தலைக்கு மேல இருக்கிறதும் அதுதான். நாப்பத்தொரு கோடு. எண்ணி எண்ணிக் கண்ணு பூத்துப்போச்சு."

"அப்ப இந்தச் சாந்துப் பலகையைப் போடலாம்ங்க அம்மா. இணைப்புல துணி ஒட்டி, மூணு தடவை பட்டி பூசித் தேச்சா ஒரு கோடும் தெரியாது."

"தெரிஞ்சா?"

"என் பேரை மாத்திக் கூப்பிடுங்க!"

சாரா உம்மா சிரித்துவிட்டார். இணைப்பில் கீற்றாகக் கிழித்து ஒட்டும் வெள்ளைத் துணியையும் கடையிலிருந்து வரவழைத்து, விரல் நுனியால் தடவிப் பார்த்து, ஒரு சுருளை அவரே எடுத்துக் கொடுத்தார்.

அது ஆடி மாதம். பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே புகுந்து நின்றது. ஒரு பூச்சு காய நாலு நாள் பிடித்தது. கரி நெருப்புச் சட்டி வைத்தும் பலனில்லை. இரண்டாம் பூச்சு முடிந்ததும் மஃறூப் வந்தார்.

"இது போதும் பாஸ். அவவுக்கு நெஞ்சில சளி கட்டியிருக்கு. வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வந்துடுறேன்."

லியனார்ட் தரையில் மல்லாந்து படுத்தார். நிற்பவருக்குத் தெரியாதது படுத்திருப்பவருக்குத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் மயிரிழைபோல் ஒரு கோடு ஓடியது.

"ஒரு வாரம் பொறுங்க முதலாளி. அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

பாஸ் சொன்னால் பொறுத்திருப்போம் என்றாராம் சாரா உம்மாவும்.

அடுத்த புதன்கிழமை காலை மூன்றாம் பூச்சைத் தேய்த்து முடித்து லியனார்ட் மறுபடி படுத்துப் பார்த்தார். ஒரு கோடு இல்லை. எழுந்தபோது வாசலில் மஃறூப் தனியாக நின்றார்.

"மிச்சத் துணி இருக்கா பாஸ்?"

"இருக்குங்க. வேலைதான் முடிஞ்சிருச்சே, இனி எதுக்கு?"

"விடியக்காலை சுபஹுத் தொழுகையோட அவ மௌத்தாயிட்டா. கபனிட்டு அடக்கக் கடையில வேற துணி இருக்கு. ஆனா இது அவ கை வச்சுத் தெரிஞ்செடுத்தது."

லியனார்டின் கைகளெல்லாம் பட்டித் தூள். பீலித் தண்ணீரில் மூன்று தரம் கழுவினார், வேட்டியில் துடைத்தார், மறுபடி கழுவினார். பிறகே சுருளைத் தொட்டு எடுத்துக் கொடுத்தார்.

மஃறூப் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனார். சீலிங்கை அவர் அண்ணாந்தே பார்க்கவில்லை.