ஞானஸ்நானக் கொப்பியில் தம்பியின் பெயர்

ஈரக் கம்பளிக் கோட்டுகள் சூட்டில் காயும் மணத்தோடுதான் ஒஸ்லோவின் தமிழ்ப் பூசை நாட்கள் எனக்கு இன்றும் நினைவில் எழுகின்றன. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், பூசை முடிந்ததும் கத்தோலிக்கக் கோவிலின் பின்னறையில் சுவாமியார் பங்கின் பெரிய பதிவேட்டில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தையை நோர்வேஜிய மொழியில் எழுத, பக்கத்திலிருந்து அப்பா அதே குழந்தையை "எங்கடை கொப்பி" என்று எல்லோரும் சொன்ன கோடு போட்ட புத்தகத்தில் தமிழில் எழுதுவார். பதிவேட்டில் பெற்றோர் பிறந்த இடத்துக்கு ஸ்ரீலங்கா என்றால் போதும். கொப்பியிலோ ஊர், பங்கு, பாட்டன் பாட்டி பெயர்கள், ஊர்க்கோவில் போரில் இடிந்திருந்தால் அந்தச் செய்தியும் இருக்கும்.

சுவாமியார் ஆஸ்திரியாவின் தெற்கு எல்லையில், வீட்டில் ஸ்லோவேனிய மொழி பேசி வளர்ந்தவர். அவருடைய ஊர்ப் பதிவேட்டில் ஒரு குரு ஜெர்மனிலும் அடுத்து வந்தவர் ஸ்லோவேனியத்திலும் எழுதியதால் குடும்பப் பெயரே மாறி, ஒரு தாய் பெற்ற இருவர் இரண்டு குடும்பத்தவர்போலத் தெரிகிறார்கள் என்று ஒருநாள் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். "அப்ப எங்கடை ஆக்கள்தான் கெட்டிக்காரர், இரண்டிலையும் எழுதிறம்," என்று அப்பா சிரித்தார்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் தம்பிக்கு ஞானஸ்நானம். அவனைக் கையில் வைத்திருந்த அப்பா, "தம்பியின்ரை பேரை நீயே எழுது பிள்ளை," என்றார். எனக்கோ வகுப்புத் தோழியின் பிறந்தநாளுக்குப் போகும் அவசரம். பதிவேட்டில் இருந்ததை மட்டும் அப்படியே நோர்வேஜிய மொழியில் கொப்பியில் எழுதிவிட்டு ஓடினேன். எழுதிய ஞானஸ்நானத்தை வெட்டக்கூடாது என்பது அப்பாவின் கொள்கை; அதனால் அந்த வரியை அவர் அடித்துத் திருத்தவில்லை, என்னைத் திட்டவும் இல்லை.

அடுத்த மாதம் ஒரு தகப்பன், "உங்கடை மகளே நொர்ஸ்க்கிலை எழுதிப்போட்டா, அண்ணை. என்ரை பிள்ளைக்கும் அப்பிடியே போடுங்கோ, நாளைக்கு வாசிக்கப்போறது அதுகள்தானே," என்றார். அப்பா அப்படியே எழுதினார். பிறகு எல்லோரும் அப்படியே கேட்டார்கள். இரண்டு புத்தகமும் ஒன்றையே சொன்னால் கொப்பி எதற்கு என்றார்கள். இரண்டு வருடத்தில் கொப்பியில் எழுதுவதே நின்றுபோனது.

அப்பா இப்போது இல்லை. கொப்பி என்னிடம் இருக்கிறது. போன மாதம் நகரின் தென்கோடியில் உள்ள பியோர்ண்டாலிலிருந்து ஒரு பெண் தேடி வந்தாள். தம்பிக்கு நாலு வரி கீழே அவள் பெயர். தாய் தகப்பன் இருவரும் இறந்துவிட்டார்கள். "அப்பான்ரை ஊர் எது எண்டு இதிலை இருக்குமே, அக்கா?" என்றாள். வரியை விரலால் காட்டினேன். ஸ்ரீலங்கா.

"இது எனக்குத் தெரியும்," என்றாள்.

இப்படி எழுதத் தொடங்கியது யார் என்று நான் சொல்லவில்லை; சொல்லியிருக்க வேண்டுமோ என்று அன்றிலிருந்து மனம் அலைகிறது.

போன ஞாயிறு என் மகனுக்கு ஞானஸ்நானம். பின்னறையில் இப்போது கணினி மட்டும்தான். வீட்டுக்கு வந்து, கொப்பியின் அடுத்த வெற்று வரியில், ஊர், பங்கு, பாட்டன் பாட்டி என்று எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். அவன் வாசிப்பானோ தெரியாது. எழுதி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.