பூனை வகுப்பு எடுத்த புருஷோத்தமன் சார்

புருஷோத்தமன் சாருக்கு மூடநம்பிக்கை என்றால் ஆகவே ஆகாது. பிள்ளைச்சாவடிப் பக்கம் அவர் வேலை பார்க்கும் ஆரம்பப் பள்ளியில், காலை வழிபாட்டில் மைக் கையில் கிடைத்துவிட்டால் போதும். பல்லி விழும் பலன், ராகு காலம், திருஷ்டிப் பூசணிக்காய் எல்லாவற்றையும் கிழிகிழியென்று கிழித்துவிட்டுத்தான் இறங்குவார். கரும்பு போட்ட குடும்பத்தில் பிறந்து, படித்து, டவுனுக்கு வந்து முத்தியால்பேட்டையில் வீடு கட்டியவர். தன் வம்சத்துக்குள் அறிவியல் நுழைந்ததே தன் வழியாகத்தான் என்று ஒரு பெருமை. இருந்துவிட்டுப் போகட்டும்.

பூனை விஷயம் மட்டும் வேறு. ஸ்கூட்டரில் வரும்போது பூனை குறுக்கே போய்விட்டால் சாரின் கால் தானாகத் தரையில் ஊன்றிக்கொள்ளும். வேறு யாராவது முதலில் அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் தோஷம் அவர்களோடு போய்விடும் என்பது வீட்டில் சின்ன வயதிலேயே ஊட்டிய சேதி. ஆனால் அறிவியல் ஆசிரியர் நடுத்தெருவில் சும்மா நிற்க முடியுமா? சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்து, "ஆங், சொல்லுங்க" என்பார். மீன் கூடையோ சைக்கிளோ தாண்டியதும், "சரி, அப்பறமா பேசறேன்" என்று போனை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்புவார். போன் இல்லாத காலத்தில் செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தார். இந்த ரகசியம் ஒருத்தருக்கும் தெரியாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் தலைமையாசிரியை செல்வாம்பாள், புத்தகப் பை இல்லாத சனிக்கிழமைக்கு 'உலகப் புகழ் பெற்ற பூனைகள்' என்ற தலைப்பைக் கொடுத்தார். நாய் எடுத்துக்கொள்கிறேனே என்று சார் கெஞ்சிப் பார்த்தார். நாய் ஏற்கனவே மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டது. வேறு வழியில்லாமல் செல்போனில் தேடிப் படிக்க உட்கார்ந்தார். படிக்கப் படிக்க மனுஷன் கவிழ்ந்துபோனார். டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

சனிக்கிழமை நாலாம் வகுப்பே வாயைப் பிளந்து கேட்டது. ஜப்பானில் ஒரு ரயில் நிலையத்துக்கு தாமா என்ற பூனையை ஸ்டேஷன் மாஸ்டராகப் போட்டு, தலையில் தொப்பி வைத்த கதையைச் சொன்னார். அந்தக் காலத்துக் கப்பல்களில் எலி பிடிக்கப் பூனை வைத்திருந்ததையும், பூனை கப்பலில் இருந்தால் நல்லது என்று மாலுமிகள் நம்பியதையும் சொன்னார். கடைசியில் பிரான்ஸ்காரர்கள் ராக்கெட்டில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்பிய ஃபெலிசெத் வந்தாள். உயிரோடு திரும்பினாளா என்று கேட்டார்கள். திரும்பினாள் என்றார். திரும்பி வந்தவளை ரெண்டே மாதத்தில் ஆராய்ச்சிக்காகக் கொன்றுவிட்டார்கள் என்பதையும் அவர் படித்திருந்தார். அது மட்டும் வாயில் வரவில்லை.

எழிலரசன் எழுந்து, அந்தப் பூனைக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வந்ததா என்று கேட்டான். அவன் தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்த ஒரு சொல்தாவுக்கு மாதா மாதம் வருகிறதாம். சார் இல்லை என்றதும், பிரான்ஸ் செய்தது அநியாயம் என்று வகுப்பு மொத்தமும் ஒரே மனதாகத் தீர்ப்பு சொல்லிவிட்டது.

மணியடித்தபிறகும் சரிதா மட்டும் போகவில்லை. அதிகம் பேசாத பிள்ளை. அவள் அப்பா பலராமன் பிள்ளைச்சாவடியில் படகு வைத்திருப்பவர். அவர்கள் வீட்டில் கருப்பி என்று ஒரு கரும்பூனை. அந்த வாரம் அவர் கடலுக்குக் கிளம்பும்போதெல்லாம் அது குறுக்கே போயிருக்கிறது. வலையிலும் ஒன்றும் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைக் கோணிப்பையில் கட்டி, பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் பக்கம் விட்டுவிட்டு வரப்போகிறார். வேண்டாத பூனையை அங்கே விட்டால் மீன் தின்று பிழைத்துக்கொள்ளும், பாவமும் வராது என்பது ஊர் வழக்கம்.

"சார், கப்பல் பூனை கதைய எங்கப்பாகிட்ட வந்து சொல்றீங்களா? நான் சொன்னா கேக்கமாட்டாரு" என்றாள்.

பிள்ளை கேட்ட விதத்தில் சாருக்கு மனம் இளகிவிட்டது. வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மறுநாள் தவளக்குப்பத்தில் தன் மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும் என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ஏற்கனவே ரெண்டு இடம் தட்டிப்போயிருந்தது. சரி, முதலில் வடக்கே போய்ப் பேசிவிட்டுத் தெற்கே போகலாம் என்று ஞாயிறு காலையில் பூவும் பழமும் ஸ்கூட்டரில் தொங்க, சலவைச் சட்டையில் பிள்ளைச்சாவடி போய்ச் சேர்ந்தார்.

வாசலில் கோணிப்பை தயாராக இருந்தது. பலராமன் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். சார் கப்பலையும் சொன்னார், ஸ்டேஷன் மாஸ்டரையும் சொன்னார், சகுனம் எல்லாம் நம் மனப் பிரமை என்பதையும் மைக் இல்லாமலே முழங்கினார். பலராமன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"பூனை குறுக்க போனா உங்களுக்கு போன் வந்துடுமே சார்."

சாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. தெருவே சொல்லுமாம். யாராவது கிளம்பும்போது பூனை குறுக்கே போய்விட்டால், 'சாருக்கு போன் வந்துடுச்சு, செத்த நில்லு' என்பார்களாம். சரிதா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துமா நம்மைக் கூப்பிட்டாள் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த நேரம் பார்த்துக் கருப்பி பதற்றம் ஒன்றும் இல்லாமல், வாலைத் தூக்கிக்கொண்டு, ஸ்கூட்டருக்கு முன்னால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடந்து போனது.

பலராமன் சிரிக்கவில்லை. "நல்ல காரியத்துக்குப் போறீங்க, பூவும் பழமுமா. போங்க சார். யாரையும் முன்னால விடாம, போன எடுக்காம போங்க. நீங்க போயிட்டா பூனை இங்கயே இருக்கட்டும்."

சார் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மகளின் முகம் கண்ணில் வந்தது. மூன்றாவது இடமும் தட்டிப்போனால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? கை பாதி தூரம் சட்டைப் பைக்குப் போய்விட்டது. தெருவில் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. சரிதா அவரைப் பார்க்கவில்லை. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். கெஞ்சியிருந்தால்கூடத் தட்டிக்கழித்திருப்பார். சார் போனை எடுத்தால் அதைத் தான் பார்த்த மாதிரி இருக்க வேண்டாம் என்று அந்தப் பிள்ளை திரும்பி நிற்கிறது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கையை எடுத்து ஆக்சிலேட்டரில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டுதான் தாண்டினார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். தாண்டினார், அவ்வளவுதான் நமக்கு வேண்டியது.

தவளக்குப்பத்தில் கேசரி, பஜ்ஜி எல்லாம் நன்றாகவே இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். போனில் கேட்டபோது, அப்படியென்றால் இந்த இடமே வேண்டாம் என்றாள் மகள். பேச்சு அங்கேயே முறிந்தது. இதில் எந்தப் பூனைக்கும் பங்கில்லை என்பது சாருக்கே தெளிவாகத் தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியம் கெட்டதற்கு அவர் ஒரு பூனையைத் திட்டவில்லை. வருத்தம் மட்டும் வருத்தமாகவே இருந்தது.

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழையும் முன்பே சரிதா வாசலில் வந்து நின்றாள்.

"சார், நேத்து போன காரியம் நல்லா முடிஞ்சுதான்னு அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாரு."

புருஷோத்தமன் சார் அவளைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் சாயங்காலமே கோணிப்பை மார்க்கெட்டுக்குப் போய்விடும். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்பதுதான் அறிவியல் என்று இத்தனை வருஷமாகக் கத்தியவர் அவர்.

"பிரமாதமா முடிஞ்சுதுன்னு சொல்லும்மா" என்றார்.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். நாற்காலியில் போய் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. கல்யாணம் எப்போது என்று பலராமன் அடுத்தபடி கேட்காமல் விடப்போவதில்லை. தைக்குள் எப்படியாவது ஒரு மாப்பிள்ளையைப் பிடித்தாக வேண்டும், ஒரு கரும்பூனையைக் காப்பாற்ற.