ஊர்த்தண்ணி குடிக்காத கேசவன்

கேசவனைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவன் நாற்றத்தைத்தான் சொல்ல வேண்டும். சாராயமும் மூத்திரமும் அழுகிய இறால் தலையும் கலந்த நாற்றம். காற்று அவன் பக்கமிருந்து அடித்தால் ஆள் வருவதற்கு முன்னால் அது வந்துவிடும். எங்கள் குப்பத்தில் நாற்றத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு பக்கம் ஏரிச் சேறு, இன்னொரு பக்கம் கருவாடு. அதிலேயே பிறந்து வளர்ந்த எனக்கே அவனைக் கண்டால் குமட்டும்.

ஒரு காலத்தில் அவன் நல்ல வலைக்காரன். முதலில் வலையை விற்றுக் குடித்தான். பிறகு வீட்டுக் கதவைக் கழற்றி விற்றுக் குடித்தான். கதவில்லாத வீட்டில் எந்தப் பெண் குடித்தனம் பண்ணுவாள்? அவன் பெண்டாட்டி ஆரம்பாக்கத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த மழையில் குடிசை உட்கார்ந்துவிட்டது. அதை அவன் எழுப்பவில்லை. கரையில் கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் நாய்களோடு படுத்துக்கொண்டான்.

அது மதுவிலக்கு இருந்த காலம், எழுபத்தாறு, எழுபத்தேழு. விலக்கெல்லாம் ரோட்டுக்குத்தான், ஏரிக்கு ஏது? ஆந்திரா பக்கமிருந்து சாராயத்தை லாரி டியூபில் அடைத்து, மீன் கூடைகளுக்கு அடியில் வைத்துப் படகில் கொண்டுவருவார்கள். ரப்பர் நாற்றமடிக்கும் அந்தக் கருமத்தை எங்கள் ஆண்கள் தீர்த்தம்போலக் கையேந்தி வாங்கினார்கள். அவர்களுக்குக் கேசவன் ஒரு வேடிக்கை. "ஆடு கேசவா, ஊத்தறேன்" என்பார்கள். ஆடுவான். வேட்டி அவிழ்ந்து விழும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர் வடிவேலுவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். கேசவனைவிட அந்தச் சிரிப்பைத்தான் நான் அதிகம் வெறுத்தேன்.

என் அடுத்த வீடு எல்லம்மாக்கா. புருஷன் செத்துப்போனவள், பிள்ளை இல்லை. தலையில் கூடை சுமந்து பழவேற்காடு கடைத்தெருவில் மீன் விற்பாள். மகா சுத்தக்காரி. விற்று வந்ததும் புளியும் சாம்பலும் வைத்துக் கையைத் தேய்த்த பிறகுதான் சோற்றுப் பானையைத் தொடுவாள். அப்பேர்ப்பட்டவள் காயப்போட்டிருந்த கருவாட்டின்மேல் ஒருநாள் காலையில் கேசவன் வாந்தியெடுத்துவிட்டு, அதிலேயே முகத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அக்கா ஒரு வாளித் தண்ணீரை அவன் முகத்தில் அடித்தாள்.

"எழுந்திர்றா எருமை! ஒண்ணு நீ போகணும், இல்லாட்டி இந்த நாத்தம் போகணும். இன்னா சொல்றே?"

போக இடமில்லை என்று அவன் மூக்கொழுக அழுதான். ஈ மொய்த்த அந்த மூஞ்சியைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டே உள்ளே போய்த் தேங்காய் நாரும் சவுக்காரக் கட்டியும் எடுத்துவந்தாள்.

தேய்த்துக் குளிப்பாட்டிக் கருவாட்டுக் கொட்டகையில் படுக்கவைத்தாள். குடி இல்லாமல் அவன் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மேலெல்லாம் நண்டு ஊறுகிறது என்று தோலைப் பிய்த்துக்கொண்டான். கொடுத்த கஞ்சியை அவள் மேலேயே கக்கினான். அக்கா பயந்துபோய் அவனைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்ற கண்டக்டரை அவள் திட்டிய திட்டு, காதால் கேட்கக் கூடியதல்ல.

"உனக்கு எதுக்குக்கா இந்தத் தலைவலி? அவன் உனக்கு இன்னா வேணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம். நாத்தம் தாங்கலடி சாந்தி, அவ்ளோதான்."

ஆஸ்பத்திரியில் பெட்டில் போட்டு ஊசி மருந்து கொடுத்தார்கள். எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான், ஆனால் கண் தெளிந்திருந்தது. இனி ஒரு சொட்டு நாக்கில் பட்டாலும் பழையபடி ஆகிவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதை அக்கா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். ஊர் என்ன செய்தது? அவன் படுத்திருந்த கொட்டகை வாசலில் சாராயக் கிளாஸை வைத்துவிட்டு, எடுக்கிறானா என்று மறைவில் நின்று பார்த்தது. அக்காவையும் அவனையும் சேர்த்துப் பேசியது. தூ!

அவன் எடுக்கவில்லை. கிழிந்த வலை பொத்தினான், படகு தள்ளினான். குளிருக்கு இதமாகக் கூலியோடு ஒரு கிளாஸ் ஊற்றுவது எங்கள் கரை வழக்கம். கிளாஸ் வெளியே வருவதற்குள் அவன் கூலியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவான்.

இனி அக்காவுக்கு ஒரே குறிதான், பாடு. எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. வருஷத்துக்கு ஒருமுறை கோயிலுக்கு முன்னால் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம், எந்த முறை என்று முடிவு செய்வார்கள். அந்தப் பங்குதான் பாடு. பாடு இருந்தால் அவன் மனுஷன், கல்யாணம் காட்சிக்கு வெற்றிலை பாக்கு வரும். சீட்டுப் பட்டியலில் கேசவன் பேர் இன்னும் இருந்தது. ஆனால் மூன்று வருஷம் தொடர்ந்து வராதவன் பேரை எடுத்துவிடுவார்கள். இது மூன்றாவது வருஷம். பாடு கிடைத்தால்தான் வீடு, வீடு இருந்தால்தான் பெண்டாட்டி என்று அக்கா அவனுக்குத் தினமும் ஓதினாள்.

சீட்டுப் போடும் நாள் வந்தது. ஆண்கள் கோயிலுக்கு முன்னால் வட்டமாக உட்கார்ந்தார்கள். பெண்கள் நாங்கள் தள்ளி, பூவரச மரத்தடியில் நின்றோம். சாமிக்குப் படைத்த சாராயத்தை ஊர்த்தலைவர் தருமலிங்கம் கொட்டாங்குச்சியில் ஊற்றி ஒவ்வொருத்தராக நீட்டிக்கொண்டு வந்தார். அதற்கு ஊர்த்தண்ணி என்று பேர். அதைக் குடித்தவன், சீட்டில் எது விழுந்தாலும் தகராறு செய்ய மாட்டேன் என்று சத்தியம் செய்ததாக அர்த்தம். குடிக்காதவனுக்குச் சீட்டு இல்லை.

இதை அக்கா எப்படி மறந்தாள் என்று கேட்காதீர்கள். நானும் மறந்திருந்தேன். அதை நாங்கள் யாரும் சாராயமாகவே நினைத்ததில்லை.

கொட்டாங்குச்சி கேசவனிடம் வந்தது. அவன் அதை வாங்கி, வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"வேணாம் தலைவரே. கல்பூரம் அடிச்சு சத்தியம் பண்றேன்."

"சாமி வழக்கத்தை உனக்காக மாத்துவாங்களா? சும்மா ஒரு சொட்டுடா. நாக்குல வச்சிக்கோ, போதும்."

எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். "ஒரு சொட்டுதானே கேசவா", "சாமி தண்ணி ஒண்ணும் பண்ணாது". அவனை அம்மணமாக ஆடவிட்டுச் சிரித்த அதே வாய்கள். 

அதைவிட மோசமானது அடுத்து நடந்தது. எல்லம்மாக்கா மரத்தடியிலிருந்து ஆண்கள் வட்டத்துக்கே போய்விட்டாள்.

"கேசவா, பாடு போயிடும்டா. நாக்குல வச்சிட்டுத் துப்பிடு. நான் பார்த்துக்கறேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கொட்டாங்குச்சியைச் சிந்தாமல் தரையில் வைத்தான்.

"உனக்குத்தான் நாத்தம் ஆவாதேக்கா" என்றான்.

எழுந்து போய்விட்டான். தருமலிங்கம் அவன் பேரை எடுத்துவிட்டார். குடித்துக் கிடந்த வருஷமெல்லாம் அவன் பேர் இருந்தது. குடியை விட்ட வருஷம் அது போயிற்று. இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

 அக்கா ஒரு வாரம் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தோல் சிவந்து உரியும் வரைக்கும் தேய்த்தாள்.

கேசவன் கையால் தடவி இறால் பிடிக்கப் போனான். அது பாடு இல்லாதவர்கள் செய்யும் வேலை. தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைத் தடவிப் பிடித்து, பல்லில் கவ்விய ஓலைக் கூடையான பறிக்குள் போட வேண்டும். பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்திருக்கிறான் என்று கரையிலிருந்து கேலி செய்தார்கள். பல்லில் பறி இருந்ததால் அவன் பதில் சொல்லவில்லை. பிடித்ததை அக்கா விற்றாள். வருஷம் முடிவதற்குள் குடிசை எழுந்தது. முதலில் கதவு வைத்தான். அதன் பிறகுதான் ஆரம்பாக்கத்துக்குப் போய்ப் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். அவள் வந்ததும் கதவைத்தான் முதலில் தட்டிப் பார்த்தாள்.

அடுத்த சீட்டுக்கு ஊர்த்தலைவர் ஆள் அனுப்பினார். வந்து நாக்கில் வைத்துக்கொண்டால் பேரைத் திரும்பச் சேர்க்கிறோம் என்று. கேசவன் போகவில்லை. அக்காவும் போகச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அக்காவின் கருவாட்டின்மேல் மறுபடியும் ஒரு ஆள் வாந்தியெடுத்துவிட்டுக் கிடந்தான். நல்ல இடத்தில் பாடு விழுந்த சந்தோஷம். அக்கா வாளியோடு வந்தாள், ஆளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாளியைக் கீழே வைத்துவிட்டாள். கேசவன்தான் அந்த ஆளின் வாயைத் துடைத்து, தோளில் போட்டுக்கொண்டு என் வாசலுக்குத் தூக்கிவந்தான்.

"தங்கச்சி, கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா" என்றான்.

அவன்மேல் சவுக்கார வாசனை அடித்தது. தோளில் கிடந்த என் வீட்டுக்காரர்மேல் அந்தப் பழைய நாற்றம் அடித்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அந்த நாற்றத்தோடு இருக்க நான் உள்ளே போய்ப் பாய் விரித்தேன்.