தெளிப்பான் யாருடையது?

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய வயல் பதிவேடு இருக்கிறது. பழுப்பு அட்டை, ஓரத்தில் வேப்பங்கொட்டைக் கரைசல் சிந்திய கறை. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் கட்டங்கள்: நட்ட நாள், தெளித்தது என்ன, தெளித்த நாள், தெளிப்பான் யாருடையது. அந்தக் கடைசிக் கட்டத்தில் ‘சொந்தம்’ என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. அதன்மேல் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே கோணல்மாணலாக ‘கொழுந்தனாருது’ என்று எழுதியவர் தலைவி அக்கா.

அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு விவசாயிகள் கம்பெனியில் களப்பணியாளன். கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு ஏக்கரும் ஒன்றரை ஏக்கரும் வைத்திருந்த முப்பது குடும்பங்களைச் சேர்த்திருந்தோம். பூச்சிமருந்து இல்லாமல் பொன்னி விளைவித்து, எல்லார் நெல்லையும் ஒன்றாகக் கலந்து ஒரே ஆலையில் அரைத்து, சென்னையில் ஒரு கடைக்கு நேராக அனுப்புவது ஏற்பாடு. அக்கா அந்தக் குழுவுக்குத் தலைவி. கடைக்காரர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். கலந்த அரிசியில் ஒரு பிடி பரிசோதனைக்குப் போகும். அதில் மருந்தின் சுவடு தெரிந்தால் மொத்த லோடும் திரும்பி வரும், உறவும் அதோடு முடியும். அதுவரை நெல் வாங்கிவந்த பழைய வியாபாரியை எல்லாரும் பகைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். மறுபடி அவர் வாசலில் போய் நிற்க வேண்டும் என்கிற பேச்சு வந்தாலே முகங்கள் மாறிவிடும். நானோ பிறவிப் பயந்தாங்கொள்ளி. ஆலையிலிருந்து போன் வந்தால் மூன்றாவது மணி அடிக்கும்வரை எடுக்க மாட்டேன்.

இவ்வளவு பயந்தவன் செய்த காரியத்தைக் கேளுங்கள். பதிவேடுகளைப் பார்க்கக் கடையிலிருந்து ஆள் வரப்போகிறார் என்று தகவல் வந்தது. முப்பதிலும் கடைசிக் கட்டம் காலி. வயல் வயலாகப் போய்க் கேட்க வேண்டும்; நல்ல மழை, வரப்பெல்லாம் சேறு. கூட்டுரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து முப்பதிலும் ‘சொந்தம்’ என்று எழுதி முடித்தேன். அந்த ஊரில் தெளிப்பான் வைத்திருந்தது ஆறேழு வீடுதான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஏணி மாதிரி அதுவும் ஊருக்குப் பொது. கேட்டால் இல்லை என்று சொல்வது அங்கே மரியாதை இல்லை. யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அறுவடை முடிந்து, நெல்லை மூட்டை பிடித்து, மூட்டைக்கு மூட்டை அவரவர் எண் எழுதிக் கிடங்கில் அடுக்கியாகிவிட்டது. மறுநாள் ஆலையில் கொட்டிக் கலக்க வேண்டும். அன்று காலை பஸ் பிடித்து அக்கா திண்டிவனம் ஆபீசுக்கு வந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. தன் பதிவேட்டை விரித்து, அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார். இலைச்சுருட்டுப் புழு வந்தபோது அவருடைய தெளிப்பான் டேங்க் ஒழுகியதாம். கொழுந்தனார் டேங்கை வாங்கி வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்திருக்கிறார். கொழுந்தனார் அதற்கு முந்தின நாள்தான் அதே டேங்கில் கத்திரிக்கு மருந்து அடித்திருந்தாராம். அது அக்காவுக்கே முந்தாநாள்தான் தெரிந்திருக்கிறது.

முதலில் நெல்லை நினைத்துப் பயந்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் நினைத்தது என் வேலையை. இந்த ஒரு கட்டம் பொய் என்றால் முப்பதும் பொய் என்று தெரிந்துவிடும். எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

“கழுவித்தானே அடிச்சீங்க? அதோட விட்டுடுங்கக்கா. யாரும் கேக்கப் போறதில்ல.”

“மூணு வாட்டி கழுவினேன் சார். கேக்க மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும்” என்றார். “ஆனா நாளைக்கு எல்லாத்தோடயும் கொட்டிக் கலந்துட்டா, எந்த அரிசி என்னுதுன்னு எப்படி சார் பொறுக்கி எடுப்பேன்?”

அன்று சாயங்காலமே கிடங்கில் கூட்டத்தைக் கூட்டினார். நான் மூலையில் நின்றேன். அக்கா நடந்ததைச் சொல்லி, தன் பதினொரு மூட்டையையும் தனியே எடுத்து வைக்கச் சொன்னார். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

“சாரு கேட்டாரு. நான்தான் யோசிக்காம சொந்தம்னு சொல்லிட்டேன்.”

பிறகு இன்னொருவர் எழுந்தார், அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். அவர்களும் அதே டேங்கைத்தான் இரவல் வாங்கியிருந்தார்கள். தாங்களும் சாரிடம் சொந்தம் என்றே சொல்லிவிட்டதாகச் சொன்னார்கள். நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வாயைத் திறந்து அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அக்கா என் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கட்டத்தைத் திருத்தினார்.

வெளியே வந்ததும் தணிந்த குரலில் சொன்னார்: “கடைக்காரருக்கு உங்க மேல நம்பிக்கை போச்சின்னா முப்பது புஸ்தகமும் போச்சி சார். அதுக்குத்தான். அடுத்த போகம் வயலுக்கு வந்து கேளுங்க.”

பரிசோதனை முடிவு வருவதற்குப் பத்து நாள் ஆயிற்று. வீட்டில் யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன். கடைசியில் சுவடு எதுவும் இல்லை என்று வந்தது. லோடு சென்னைக்குப் போனது. நாலு பேர் மூட்டைகள் மட்டும் பழைய வியாபாரிக்கே போயின. அவர் வாசலில் அக்கா அரை நாள் நின்றார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த நெல்லில் மருந்து இருந்ததா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது; யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

இப்போது அந்தக் கம்பெனியில் விழுப்புரம் வரைக்கும் குழுக்கள் இருக்கின்றன. புதிதாகச் சேரும் களப்பணியாளர்களுக்கு நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். வயலில் இறங்கித் தெளிப்பான் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கும் என்னை அவர்கள் கேலி செய்வதுண்டு. ஏன் என்று கேட்டால், ஒரு விவசாயி தவறாகச் சொல்லிவிட்ட கதையைச் சொல்லுவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

போன மாதம் அக்கா இறந்துபோனார். காரியத்துக்குப் போனபோது அவர் மகள் இந்தப் பதிவேட்டை என்னிடம் கொடுத்தாள். “இத உங்ககிட்ட குடுக்கச் சொல்லிச்சி” என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

நாளைக்குப் புதிய ஆட்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். இந்தப் பக்கத்தை அவர்கள் முன்னால் விரித்து, கோடு போட்டு அடித்திருக்கிற ‘சொந்தம்’ என் எழுத்து, நான் யாரையும் கேட்கவில்லை என்று சொல்லப்போகிறேன். இழுப்பறையை இரண்டு தடவை திறந்து மூடிவிட்டேன். பதிவேடு இப்போது மேசைமேல் இருக்கிறது.